முன்கூட்டிச் சொன்ன நன்றி

மே 25, ஞாயிறு

காலை முதல் மழை. கடல் பக்கத்து ஜன்னல் முழுக்க உப்பு. மகள் ரீற்றா துடைக்கச் சொன்னாள். துடைத்தேன். மறுபடியும் உப்பு.

பேத்தி மது வெளிநாட்டிலிருந்து வந்து சில நாள்தான். இன்னும் அந்த நாட்டு நேரத்தில்தான் தூக்கம். பகல் ஆன பிறகு எழும்பி, ஒரு பிளேன்டீ, பிறகு கொம்பியூட்டர். இளைத்துப் போயிருக்கிறாள். மலைக்கு அடியில், சுரங்கத்துக்குள் வேலை செய்கிற பிள்ளை வேறு எப்படி இருக்கும்.

என் எழுத்து இன்று இன்னும் கோணல். மூன்றாம் வகுப்போடு துறைமுகத்துக்குப் போனவன். வாசிக்கப்போவதும் நான்தான், பரவாயில்லை.

வாங்க: மூட்டுத் தைலம். நெருப்புப் பெட்டி. சீனி வேண்டாம் (ரீற்றா உத்தரவு).

பின்னேரம் மழை விட்டது. பல்கனியில் நானும் மதுவும். கீழே தண்டவாளத்தில் கோச்சி போய் முடியும்வரை காத்திருந்தாள். பிறகு:

"தாத்தா, உங்களுக்கு ஒண்டு சொல்லுறன். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

"அதுதானே. உங்களட்டை ஃபோனும் இல்லை, ஃபேஸ்புக்கும் இல்லை. சுவருக்குச் சொன்ன மாதிரி."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சுவர்.

அவள் சொன்னது, எனக்கு விளங்கிய அளவில்: உலகத்தில் கண்ணுக்குத் தெரிகிற சாமானைவிடத் தெரியாத சாமான்தான் அதிகம். அதில் வெளிச்சம் படாது. பாரம் மட்டும் உண்டு. அந்தப் பாரம் இல்லாவிட்டால் நட்சத்திரக் கூட்டமெல்லாம் சிதறிப்போயிருக்குமாம்.

நான் துறைமுகத்தில் பாரம் தூக்குகிற வின்ச் ஓட்டியவன். கப்பலின் வயிற்றுக்குள் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று மேலே இருக்கிற எனக்குத் தெரியாது. கம்பிக் கயிறு இறுகுகிற இறுக்கத்தில் பாரம் மட்டும் தெரியும். அதைச் சொன்னேன். "அவ்வளவுதான் எங்களுக்கும் தெரியும் தாத்தா" என்றாள். "பாரம் தெரியும். சாமான் என்னெண்டு தெரியாது."

அதைப் பிடிக்கத்தான் மலைக்கு அடியில் தொட்டி. உள்ளே குளிர்ந்த திரவம். அந்தச் சாமானின் ஒரு துணுக்கு வந்து மோதினால் மின்மினி அளவு வெளிச்சம் தெறிக்கும். இத்தனை வருஷமாக ஒன்றும் இல்லை. இப்போது கொஞ்சம் தெறித்திருக்கிறது. அதுதான் ரகசியம். எல்லாரும் சேர்ந்து கணக்குப் பார்த்து, எல்லாரும் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே சொல்லலாம். அதற்கு முன் வாய் திறந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. அவளுடைய வேலை இந்த வருஷத்தோடு முடிகிறது. நீட்டுவார்களா இல்லையா என்பது அடுத்த மாதம்தான் தெரியும்.

நான் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் வாழைப்பழம்கூடக் கொண்டுபோகக் கூடாதாம். பழத்துக்குள்ளும் ஏதோ தெறிக்குமாம். பாதிப் பழத்தைத் தட்டில் வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. தொட்டி எங்கேயோ இருக்கிறது.

மே 26, திங்கள்

மழை இல்லை, புழுக்கம். நாளைக்குச் செவ்வாய், கோயில் நாள். சட்டை தோய்த்துப் போட்டேன்.

மதுவின் விஷயம் நெஞ்சுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தோனியார் தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருகிறவர். திறப்புக் கொத்து, மோதிரம், ஆடு, புருஷன், எல்லாம் தேடித் தந்திருக்கிறார். எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கைச் சிற்றாலயத்தில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கிடைத்த பிறகு நன்றி சொல்வது எல்லா ஊரிலும் உள்ளது. கிடைக்க முன்பே நன்றி சொல்வது எங்களுடையது. நாலு பேர் கேட்க நன்றி சொல்லி, பேக்கரிப் பணிஸும் பகிர்ந்துவிட்டால் அவருக்கு வெட்கம். கொடுக்காமல் இருக்க முடியாது. துறைமுகத்துப் புத்தி.

ஒரே ஒரு முறை நான் அப்படிச் செய்யவில்லை. என் மனைவி திரேசா களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. சுகமாகட்டும், பிறகு சொல்வோம் என்றிருந்தேன். அவள் போட்டிருந்த நீலப் பூச் சட்டை, தலைமாட்டில் பாதி குடித்த தேசிக்காய்த் தண்ணீர், பக்கத்துக் கட்டில் மனுசி கேட்ட சீப்பு, எல்லாம் இப்போதும் கண்ணில். சுகமாகவில்லை.

அதற்குப் பிறகு நான் பிந்துவதில்லை. மதுவின் ஸ்கொலர்ஷிப்புக்கு முந்தியே சொன்னேன். வந்தது. ரீற்றாவின் கண் ஒபரேஷனுக்கு முந்தியே சொன்னேன். நல்லபடி.

மே 27, செவ்வாய்

வெயில். கோட்டையில் பஸ் மாறி, பத்துக்கெல்லாம் கொட்டாஞ்சேனை. பேக்கரியில் ஒரு கூடை பணிஸ்.

ஜெபம் முடிந்ததும் வழக்கம்போல மைக் வரிசையாக வாங்கு வாங்காகக் கைமாறியது. வேண்டுதலோ நன்றியோ அவரவர் வாயால். கோயில் வேலைகளைப் பார்க்கிற எலிசம்மா ஃபோனைக் கம்பியில் மாட்டி வைத்திருந்தாள். கனடா, பாரிஸில் உள்ள நம் ஆட்கள் பார்க்கிறார்களாம். அது ஒவ்வொரு செவ்வாயும் உள்ளதுதான். எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன் மைக்கை.

"அந்தோனியாரே, என் பேத்தி மது மலைக்குள்ள இத்தன வருஷமா தேடுன இருட்டுச் சாமான கண்டுபிடிக்க வச்சதுக்கு நன்றி."

எல்லாரும் ஆமென்.

வெளியே சவிரி. துறைமுகத்தில் என் வின்ச்சுக்குக் கைகாட்டி நின்றவன். இப்போது கோயில் மணி அடிக்கிறான்.

"பாவிலு, அது என்னா சாமான்? என்னா வெல?"

"வெல இல்லடா. பாரம் மட்டுந்தான்."

"கண்ணுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்போ கஸ்டம்ஸ்ல புடிக்க மாட்டானே. ரெண்டு பெட்டி எறக்கச் சொல்லு."

பணிஸ் வாங்கிய எல்லாரும் என் கையைப் பிடித்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது மழை. நனைந்தேன். சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் நினைவு வந்தது. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது.

புனிதரிடம் சொன்னேன், மனுசரிடம் இல்லை. இப்படி மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். மனது சிரித்தது. மனசுக்குள் சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்கும். மைக் எதற்கு? அவரை மறுக்கவிடாமல் செய்ய. அது பாதி. மறு பாதி, நான் சுவர் இல்லை என்று காட்ட.

மே 29, வியாழன்

ஒன்றும் நடக்கவில்லை. மீன்காரன் வந்தான். பேலியகொடை மீன் சந்தையில் விலை ஏறிவிட்டதாம். "அய்யே, கடல் கொந்தளிப்பு" என்று என்னையே குற்றவாளி போலப் பார்த்தான். சூரை ஒரு துண்டு.

மது பாடிக்கொண்டு குளித்தாள். வந்ததிலிருந்து இன்றுதான் பாடுகிறாள்.

மே 30, வெள்ளி

இதை எழுதாமல் விட்டால் நல்லது.

காலைச் சாப்பாட்டு நேரம். புட்டு, சொதி. மருமகன் சிவநேசன் புதுக்கடைக் கோர்ட்டுக்குப் புறப்பட்டவர் வாசலில் செருப்போடு நின்று கத்தினார். வக்கீல் ஒருவரிடம் கிளார்க். மெல்லப் பேசிப் பழக்கமில்லை.

"மாமா! பாத்தியளே! எங்கட மதுவைப் போட்டிருக்கிறாங்கள்!"

ஏதோ இணையப் பக்கம். மதுவின் பழைய படம், பட்டமளிப்பு உடுப்போடு. வாசித்துக் காட்டினார்: இலங்கைத் தமிழ்ப் பெண் பிரபஞ்சத்தின் கரும்பொருளைக் கண்டுபிடித்தார். குடும்பத்தினர் தெரிவிப்பு.

மது அறையிலிருந்து வந்தாள். "அப்பா, இதை ஆருக்கும் அனுப்பினீங்களோ?"

"எல்லாருக்கும் அனுப்பிட்டன் பிள்ளை. புதுக்கடையிலை ஒரு லோயர் மிச்சமில்லை."

அவள் முகம் போன போக்கு. ஃபோனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "நான் கண்டுபிடிச்சனான் எண்டு ஆர் சொன்னது? இது வெளியிலை வந்தா என்னை வெளியிலை விட்டுடுவாங்கள். ஆர் சொன்னது?"

அவள் குசினிப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா. அண்டைக்கு நான் தாத்தாவோட கதைக்கேக்கை நீங்க குசினிக்குள்ளை நிண்டனீங்கள். கேட்டுக்கொண்டுதானே நிண்டனீங்கள்?"

ரீற்றா அடுப்பைக் குறைத்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். "ஓம். கேட்டது."

"உங்களுக்கு வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாதா அம்மா? ஒருக்கால்? என்ர வாழ்க்கையிலை ஒருக்கால்?"

ரீற்றா சொதியை இறக்கினாள்.

என் வாயில் புட்டு. விழுங்கினேன். தண்ணீர் குடித்தேன். இன்னொரு பிடி எடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஜூன் 1, ஞாயிறு

காற்று. ஜன்னல் எல்லாம் அடிக்கிறது.

கனடா, லண்டன், யாழ்ப்பாணம், எல்லா இடமிருந்தும் வாழ்த்து. சிவநேசன் ஒவ்வொருவருக்கும் "அது பிழையான செய்தி" என்று எழுதுகிறார். திருப்பி இன்னும் வாழ்த்து வருகிறது. அடக்கமான குடும்பம் என்று புகழ்கிறார்களாம்.

மதுவுக்கு அங்குள்ள பெரியவரோடு ஃபோனில் கூட்டம். அறைக் கதவு மூடி. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் ஃபோர்மனின் கந்தோர் அறையில் நிற்கிற ஆளின் குரல் எந்தப் பாஷையிலும் தெரியும். நீளமாக அவர். இவள் சின்னச் சின்னதாக.

வெளியே வந்து அப்பாவிடம் மட்டும் சொன்னாள். விஷயம் எப்படி வெளியே போனது என்று எழுதித்தர வேண்டும். அங்கே போனதும் ஒரு கூட்டம். அதில் முடிவு. அதுவரை தொட்டிக் கணக்கை அவள் பார்க்கக்கூடாது, கதவைப் பூட்டிவிட்டார்கள்.

தாய் வைத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை. ரீற்றா ஆறிய தேத்தண்ணீரைத் தானே குடித்துவிட்டு அரிசி கழுவப் போனாள். அரிசியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு கழுவ அந்த அரிசியில் ஒன்றும் இல்லை.

சொல்லப்போனேன். குசினி வாசல்வரை போனேன். "என்னப்பா, தண்ணியா?" என்றாள். ஓம் என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்

கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை. கால் வலி என்றேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

சொல்லிவிட்டேன். பாதி.

பின்னேரம் மது கடலோரம் நடக்கப் புறப்பட்டாள். நானும் வருகிறேன் என்றேன். மெரின் டிரைவில் அலை கல்லில் அடித்து ரோட்டுவரை தெறித்தது. கடலை விற்கிறவனின் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். கோயில், மைக், நன்றி, எலிசம்மாவின் ஃபோன். எல்லாம்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோச்சி ஒன்று போய் முடிந்தது.

"சுவருக்குக் காது இருக்கெண்டு கேள்விப்பட்டனான்" என்றாள். "மைக் இருக்கெண்டு இப்பதான் தெரியும்."

நான் தலையைக் குனிந்தேன்.

"ஏன் தாத்தா?"

திரேசாவின் கதையைச் சொன்னேன். பிந்திப்போன நன்றி. அவள் கேட்டுக்கொண்டே ஒரு சுருள் கடலை வாங்கினாள். பிறகு:

"நேற்று கணக்கு முடிஞ்சுது. பெரியவர் அதை மட்டும் சொன்னவர். அது நாங்கள் தேடின சாமான் இல்லை தாத்தா. அது வெயில்."

"சுரங்கத்துக்குள்ள எப்படி வெயில்?"

விளக்கினாள். சூரியனிலிருந்து வெளிச்சத்தோடு சேர்ந்து இன்னொரு வகைத் துகளும் வருகிறது. மலையைத் துளைத்துப் போகும். நம்மையும். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறது. அதில் எப்போதாவது ஒன்று தொட்டியில் மோதும். அப்போது தெறிக்கிற வெளிச்சம் இவர்கள் தேடுகிற சாமானின் வெளிச்சம் போலவே. அச்சு அசல்.

"மறைப்பு கட்ட முடியாதா?"

"மற்ற எல்லாத்துக்கும் கட்டினாங்கள். வானத்திலையிருந்து வாறதுக்கு மலை. கல்லுக்கை இருந்து வாறதுக்குத் தண்ணி. புது ஈயமும் தெறிக்கும் எண்டு, கடலுக்கடியிலை தாண்டு கிடக்கிற கப்பல்களிலையிருந்து பழைய ஈயம் எடுத்தும் மறைப்புக் கட்டுறவங்கள் இருக்கிறாங்கள். வெயிலுக்கு மட்டும் மறைப்பு இல்லை. இன்னும் ஆழமாப் போனாலும் வரும். தொட்டியைப் பெரிசாக்கினா அதுக்கேத்த மாதிரி வெயிலும் கூட விழும்."

"அப்போ இனி?"

"மூடுபனிக்குள்ளை வாகனம் ஓடுற மாதிரி. ஓடலாம். மெல்ல. எந்தத் திசையிலையிருந்து வந்ததெண்டு பாக்கிற தொட்டி செய்யலாம். அதுக்கு எத்தினை வருஷமோ." கடலைச் சுருளைக் கசக்கினாள். "அதுவும் அந்தச் சாமான் நாங்கள் நினைக்கிற பாரத்திலை இருந்தாத்தான். அதைவிட லேசெண்டா தட்டினாலும் தொட்டிக்குக் கேக்காது. மிச்சம் பாரமெண்டா என்ர ஆயுளுக்கை ஒருக்காலும் இந்தப் பக்கம் வராது. பூமியிலை தொட்டி கட்டி எவ்வளவு தூரம் போகலாமோ, அந்த விளிம்புக்கு வந்திட்டம் போலை இருக்கு."

"பெரியவர் என்ன சொல்றார்?"

"சூரியனை இப்பிடிப் பிடிச்சதே பெரிய விசயம் எண்டுறார். உண்மைதான். ஆனா நான் சூரியனைத் தேடிப் போகேல்லை."

"நான் முந்திக்கிட்டு நன்றி சொன்னதுலதான் இப்படி..."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "தாத்தா! எல்லாத்துக்கும் நீங்கதான் காரணம் எண்டு நினைக்காதேங்கோ. சூரியன் உங்களட்டைக் கேட்டே எரியுது?"

கடலைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

பிறகு மெல்லச் சொன்னாள். "மைக்கிலை சொன்னதை நான் மன்னிச்சிடுவன். இத்தினை நாளா நான் அம்மாவோட கதைக்கேல்லை. நீங்க பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். அதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

திரும்பி வரும்போது என் கையைப் பிடிக்கவில்லை. ரோட்டைக் கடக்கிற இடத்தில் மட்டும் பிடித்தாள்.

ஜூன் 6, வெள்ளி

மற்றப் பாதி.

ரீற்றா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். குசினிக்குள் போய் கதவோரம் நின்றேன்.

"ரீற்றா, நான்தான்மா. கோயில்ல சொன்னேன்."

"தெரியும்பா."

கத்தி நிற்கவில்லை.

"எப்படி?"

"அன்னைக்கே பார்த்தேன். எலிசம்மா லைவ். ஹார்ட்டும் போட்டேன்." செதிளைத் தட்டினாள். "மது ரகசியம்னு சொன்னது எனக்குத் தெரியாது. அன்னைக்குக் குசினியில தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணும் கேக்கல."

"அப்போ கேட்டதுன்னு சொன்னியே?"

"பின்னே என்னா சொல்றது? நீங்க புட்டோட உக்காந்திருந்தீங்க." இப்போதுதான் நிமிர்ந்தாள். "உங்க பேரச் சொன்னா இவர் என்னா செய்வார்? இந்த வயசுல பஸ்ல அலையுறது போதும்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கார். செவ்வாய்க்கெழமய நிப்பாட்டிடுவார். அந்த ஒரு பஸ்ஸும் இல்லன்னா நீங்க என்னாப்பா செய்வீங்க?"

"மது உன்கூடப் பேசல."

"மகதானே. கொஞ்ச நாள் பேசாம இருப்பா. அப்புறம் பேசுவா. நான் உங்ககூடப் பேசாம இருக்கலையா, கல்யாணத்து நேரம்."

இருந்தாள். ஒரு மழைக்காலம் முழுக்க. வாசலில் நின்று திரேசாவிடம் கேட்பாள், "அப்பா சாப்பிட்டாச்சா?" என்று. என்னிடம் கேட்க மாட்டாள்.

வின்ச்சில் இருந்த ஆள் நான். என் வீட்டுக்குள் கயிறு இறுகியது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு சூரைத் தலையையும் குழம்பில் எனக்கே போட்டாள். சாப்பிட முடியவில்லை. சாப்பிடாமல் விட்டால் அவளுக்கு இன்னும் வருத்தம். சாப்பிட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் சிவநேசனுக்கும் சொன்னேன். எல்லார் முன்னாலும். மது எழும்பிப் போய் தாயின் தோளில் முகத்தை வைத்தாள். ரீற்றா, "கறி கையி, கறி கையி" என்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிவநேசன் என்னைப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "மாமா, நீங்க ஒரு மைக்கிலை சொன்னனீங்கள். நான்தானே முழு உலகத்துக்கும் அனுப்பினனான்" என்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, "பஸ்ஸிலை கவனமாப் போங்கோ" என்றார்.

ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

மழை. தடிமன், மூக்கடைப்பு. மருந்து: கொத்தமல்லித் தண்ணீர்.

நினைத்துப் பார்த்தேன். சொன்ன நன்றியைத் திருப்பி எடுத்த ஆள் எங்கள் கோயிலில் யாராவது உண்டா? இல்லை. கேட்டது கிடைக்காதவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். கிடைக்கவில்லை என்று மைக்கில் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் அந்தோனியார் தவறாமல் தருகிறார் என்று எல்லாரும் நினைக்கிறோமோ?

இதை எழுதவே பயமாக இருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை.

மதுவிடம் கேட்டேன், உங்கள் இடத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. "கிடைக்கேல்லை எண்டு எழுதுவம். எந்தளவுக்குத் தேடிப் பாத்துக் கிடைக்கேல்லை எண்டும் எழுதுவம். அப்பதான் அடுத்தவன் அதிலையே திரும்பத் தேட மாட்டான்."

ஜூன் 10, செவ்வாய்

போனேன். மதுவும் வந்தாள், தானாக. பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு.

ஜெபத்துக்கு முன் எலிசம்மாவிடம் சொன்னேன். கையை உதறினாள்.

"நன்றிய வாபஸ் வாங்குறதா! இது என்னா எலெக்ஷன் மனுவா, பாவிலண்ணே? அவர் என்னா நெனப்பார்?"

சவிரி சொன்னான்: "எறக்குன சரக்கத் திருப்பி ஏத்துறதுன்னா கூலி ரெண்டு மடங்கு."

"குடுக்கிறேன்டா."

"என்னாத்தக் குடுப்ப? ஒன்கிட்ட இருக்குறது மூட்டு வலி. அது என்கிட்டயும் இருக்கு."

மைக் வந்தது. எழுந்தேன். எலிசம்மாவின் ஃபோனைப் பார்த்தே சொன்னேன், கனடாவுக்கும் கேட்கட்டும் என்று.

"முந்தி ஒரு செவ்வாய்க்கெழம நான் சொன்ன நன்றி சரியில்ல. கெடைக்கல. கெடைக்குமான்னும் தெரியாது. அங்க விழுந்தது வெயில். என் பேத்தி கண்டுபிடிச்சேன்னு யார்கிட்டயும் சொல்லல. ரகசியம்னு என்கிட்டச் சொன்னத நான் எடுத்து இங்க சொன்னேன். என் மக ரீற்றாவும் சொல்லல. நான்தான். அந்தோனியாரே, மன்னிக்கணும். நீங்க தராதத தந்தீங்கன்னு சொல்லிட்டேன்."

ஆமென் சொல்வதா வேண்டாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பின் வாங்கிலிருந்து ஒரு மனுசி, "வெயிலாவது விழுந்துச்சே. எங்க வீட்டுத் துணி காயவே இல்ல" என்றாள். சிரிப்பு. சிரிப்போடு ஆமென். சுவாமியாரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

எல்லார் முன்னாலும் பிள்ளையின் பேரைச் சிரிப்பாக்கிவிட்டேனோ என்று பின்னால் பார்த்தேன். கதவுப் பக்கம் குடையோடு நின்றாள். ஃபோனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

வெளியே வந்து கேட்டேன், எதற்கு என்று.

"இதைத்தான் அனுப்பப்போறன். கீழை இங்கிலீஷ் எழுதி. எப்பிடி வெளியிலை போனதெண்டு கேட்டவங்கள்தானே? இதைவிட வடிவா எனக்கு எழுதத் தெரியாது."

"சிரிப்பாங்களே."

"சிரிக்கட்டும்."

சவிரி வந்து என் முதுகில் தட்டினான். "பணிஸ் எங்கடா?"

பணிஸ் இல்லை. இன்று எதற்குப் பணிஸ்?

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள். நான் போகவில்லை. இன்று மதுவின் பயணம்.

பெட்டிக்குள் ரீற்றா வைத்தது: மிளகாய்த்தூள், கருவாடு (மூன்று உறை போட்டு), முறுக்கு. மது வெளியே எடுத்தது: கருவாடு. ரீற்றா திரும்ப வைத்தது: கருவாடு. "அம்மா, அந்த லாபுக்குள்ளை என்னையே விடமாட்டாங்கள், கருவாட்டோட போனா!" "ரூமில வச்சுச் சாப்பிடு." தாயும் மகளும் சத்தம் போட்டார்கள். கேட்க நன்றாக இருந்தது.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நான் போகவில்லை, வாகனத்தில் இடமில்லை. லிஃப்ட் வாசலில் நின்றேன். அவள் குனிந்தாள், நெற்றியில் சிலுவை போட்டேன்.

"கூட்டத்துல என்னா சொல்வாங்க?"

"தெரியேல்லை தாத்தா. ஒண்டும் தெரியேல்லை."

லிஃப்ட் கதவு மூடும்போது, "சுவர், கவனம்" என்றாள்.

மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசை. தெரியாது. எழுதவில்லை.

ஜூன் 18, புதன்

கூட்டம் நேற்றாம். செய்தி இல்லை. ரீற்றா ஃபோனைக் குளியலறைக்கும் கொண்டுபோகிறாள்.

நேற்று கோயிலில் எலிசம்மா கேட்டாள், "இந்தத் தடவ முந்தியே ஒண்ணு சொல்லி வைக்கலாமாண்ணே? பிள்ளையோட வேலைக்கு?" நாக்கு நுனிவரை வந்தது. இல்லை என்றேன். பஸ்ஸில் வரும்போது, திரேசாவுக்குச் சொல்லாமல் விட்டதுபோல இதையும் விடுகிறேனோ என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் பிழை போலவே இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் செய்தி. ரீற்றா கண்ணாடியைத் தேடி, கண்டுபிடித்து, துடைத்து, வாசித்தாள். மெல்ல, எனக்கு விளங்க:

"அம்மா, எழுத்திலை கடும் எச்சரிக்கை ஒண்டு தந்திருக்கிறாங்கள். தாத்தாவின்ரை வீடியோவை எல்லாரும் இருந்து பாத்தவங்கள். ஒருத்தரும் சிரிக்கேல்லை. வேலை நீளும் எண்டு பெரியவர் வாயாலை சொன்னவர். கையெழுத்து அடுத்த மாதம்தான். தாத்தாட்டைச் சொல்லுங்கோ, இன்னும் நன்றி சொல்ல வேண்டாம்."

ரீற்றா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். நான் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன்."

பஸ்ஸில் கூட்டம். கோட்டையிலிருந்து நின்றுகொண்டே. கோயிலில் மூன்றாம் வாங்கு, சவிரிக்குப் பக்கத்தில். ஜெபம் முடிந்தது. மைக் என் கைக்கு வந்தது. எத்தனையோ கை பட்டுச் சூடாக இருந்தது. எலிசம்மா என்னையே பார்த்தாள். சவிரியிடம் கொடுத்துவிட்டேன்.